எவருக்கு எந்நூல்: பரிந்துரையும் பக்குவமும்

தாமே முதல்போட்டுச் சிறு புத்தகக் கடை நடத்தும் ஒருவர், பத்து வயதுச் சிறுவனுக்கு ஒரு நூலையும், கல்லூரி மாணவிக்கு வேறொன்றையும், பணி ஓய்வு பெற்ற முதியவருக்கு மற்றொன்றையும் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுக்கும் செயல், பார்வைக்கு வாணிகத்தோடு ஒட்டிய ஒரு சிறு உதவியாகவே தோன்றும். ஆயினும் அச்செயலுக்கு அடியில், சமயங்களும் தத்துவ மரபுகளும் நெடுங்காலமாக வாதிட்டு வந்த கேள்வி ஒன்று இருக்கிறது. ஒரு நூலைப் படிப்பதற்குரிய தகுதியை ஒருவர் முன்னரே பெற்றிருக்க வேண்டுமா, அல்லது அந்நூலைப் படிப்பதன் வழியாகத்தான் அத்தகுதி அவருக்கு வந்து சேருமா என்பதே அது. சமையற் குறிப்பையோ துப்பறியும் கதையையோ விற்கும்போது இக்கேள்வி எழுவதில்லை. இறப்பு, இறைவன், அறம், காமம், துறவு ஆகியவற்றைப் பேசும் நூலை ஒருவர் கையில் கொடுக்கும்போதுதான், இது இவருக்கு இப்போது உரியதா என்ற தயக்கம் கொடுப்பவருக்கு வருகிறது.

தமிழ் இலக்கண மரபு இத்தயக்கத்தைத் தீர்க்கும் பொறுப்பை நூலின் முகப்புக்கே கொடுத்திருந்தது. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், பாயிரம் எனப்படும் முன்னுரைக்கு இலக்கணம் வகுக்கும்போது, அது அறிவிக்க வேண்டிய செய்திகள் எட்டு என்கிறது. ஆக்கியோன் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் நிலத்தின் எல்லை, நூலின் பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்பன அவை. இவற்றுள் கேட்போர் என்பது அந்நூலைக் கற்பதற்கு உரியவர் யார் என்பதைக் குறிக்கும். யாப்பு என்பதற்கு, இன்ன நூலைக் கற்றபின் இன்ன நூல் கற்கத்தக்கது என்னும் தொடர்ச்சி என உரைகாரர் பொருள் கூறுவர். வடமொழி வேதாந்த மரபிலும் இதற்கு இணையாக அனுபந்த சதுஷ்டயம் எனப்படும் நான்கு முன்னுரைக் கூறுகள் உண்டு. நூலைக் கற்பதற்கு உரியவன், நூலின் பொருள், நூலுக்கும் பொருளுக்கும் உள்ள தொடர்பு, பயன் என்னும் அந்நான்கில் முதலாவதாக நிற்பவன் அதிகாரி, அதாவது கற்கும் தகுதி உடையவன், அத்தகுதியே அதிகாரம். நிலையானதையும் நிலையற்றதையும் பிரித்தறியும் விவேகம், பயன்களில் பற்றின்மை, மன அடக்கம் முதலிய ஆறு பண்புகள், வீடுபேற்றில் தீராத வேட்கை ஆகியவற்றை அத்தகுதியின் கூறுகளாக வேதாந்திகள் எண்ணினர். இந்த எண்ணிக்கையில் வயதுக்கு இடம் தரப்படவில்லை.

வயதை ஒட்டி நூல்களை வரிசைப்படுத்திய பழைய சான்றுகளுள் மிகத் தெளிவான ஒன்று கிறித்தவ மரபில் கிடைக்கிறது. விவிலியத்தை இலத்தீனில் பெயர்த்த புனித ஜெரோம், கி.பி. 400ஐ ஒட்டிய ஆண்டுகளில், லாயெத்தா என்னும் உரோமானியச் சீமாட்டிக்கு அவருடைய மகள் பவுலாவை வளர்க்கும் முறை பற்றி ஒரு கடிதம் எழுதினார். கெட்டி மரத்திலோ யானைத் தந்தத்திலோ எழுத்துகளைச் செய்து குழந்தையிடம் விளையாடக் கொடுக்க வேண்டும் என்றும், வரிசையைப் பாட்டாகச் சொல்லத் தெரிந்தால் மட்டும் போதாது, எழுத்துகளை முன்பின்னாகக் கலைத்துப் போட்டாலும் கண்ணால் கண்டு பெயர் சொல்லத் தெரிய வேண்டும் என்றும் அவர் அறிவுரை கூறுகிறார். பின்னர் நூல்களின் வரிசை வருகிறது. முதலில் திருப்பாடல்கள், வாழ்க்கைக்கு நீதிமொழிகள், உலகப் பற்றை விடப் பழகுவதற்குச் சபை உரையாளர், பொறுமைக்கு யோபு, அதன்பின் கையைவிட்டு இறக்கவே கூடாத நற்செய்திகள், திருத்தூதர் பணிகளும் திருமுகங்களும், இறைவாக்கினர் நூல்கள், வரலாற்று நூல்கள். காதலனும் காதலியும் உரையாடுவதாக அமைந்த இனிமைமிகு பாடலை அவர் எல்லாவற்றுக்கும் கடைசியில் வைக்கிறார். உடல்சார்ந்த சொற்களில் ஆன்மாவின் திருமணம் பாடப்பட்டிருக்கிறது என்பதை அறியுமுன் அதைப் படித்தால் குழந்தையின் உள்ளம் புண்படும் என்பது அவர் அச்சம்.

இவ்வரிசையைக் கூர்ந்து நோக்கினால், எளிமையிலிருந்து கடினத்துக்குச் செல்லும் ஏணியாக அது அமையவில்லை என்பது புலப்படும். நல்லவன் ஏன் துன்புறுகிறான் என்னும் விடையில்லாக் கேள்வியை எழுப்பும் யோபு, விவிலியத்திலேயே கடினமான நூல்களுள் ஒன்று. ஆனால் அது நான்காம் இடத்தில் நிற்கிறது. மொழியளவில் அதைவிட எளிதான காதற்பாடல் கடைசிக்குப் போகிறது. ஜெரோம் அளந்து பார்த்தது நூலின் கடினத்தை அன்று, அதனால் விளையக்கூடிய தீங்கை. அத்தீங்கையும் அவர் துன்பத்தில் காணவில்லை, காமத்தில் கண்டார். இன்றும் பெற்றோர் புத்தகக் கடையில் காட்டும் தயக்கம் பெரும்பாலும் இதே வகையைச் சேர்ந்தது. போரும் தலைவெட்டும் நிறைந்த இதிகாசச் சுருக்கத்தை எட்டு வயதுக் குழந்தைக்கு மறுபேச்சின்றி வாங்கித் தருபவர்கள், முத்தமொன்று வரும் கதையைப் பதினைந்து வயதிலும் திருப்பி வைத்துவிடுகிறார்கள்.

பிளேட்டோ வேறோர் அச்சத்தைச் சொன்னார். தேவர்கள் தமக்குள் சண்டையிட்ட கதைகளில் உள்ளுறைப் பொருள் இருந்தாலும், எது உள்ளுறை, எது நேர்ப்பொருள் என்று இளம் உள்ளத்தால் பிரிக்க இயலாது என்பதால் அக்கதைகளைச் சிறுவர்க்குச் சொல்லலாகாது என்று குடியரசு நூலின் இரண்டாம் பகுதியில் அவர் வாதிடுகிறார். ஏழாம் பகுதியிலோ, கொள்கைகளைக் கேள்விகேட்டு ஆராயும் தருக்கக் கலையை முப்பது வயதுக்குமுன் கொடுக்கக் கூடாது என்கிறார். இளைஞர்கள் அதை விளையாட்டாகக் கொண்டு, கிடைத்ததையெல்லாம் கடித்துக் கிழிக்கும் நாய்க்குட்டிகளைப்போல் எல்லாக் கருத்துகளையும் கிழித்துப்போட்டு, இறுதியில் எதிலும் நம்பிக்கை இல்லாதவர்களாக ஆகிவிடுவார்கள் என்பது அவர் கருத்து. யூத மரபில் மிஷ்னா என்னும் தொகுப்பின் ஒரு பகுதி, ஐந்து வயதில் மறைநூல், பத்தில் மிஷ்னா, பதினைந்தில் அதன் விரிவான தல்மூது என்று வகுக்கிறது. கபாலா எனப்படும் மறைஞான நூல்களை நாற்பது வயதுக்குமுன் தொடலாகாது என்னும் வழக்கமும் பிற்காலத்தில் உண்டாயிற்று.

சைவ சித்தாந்தம் இவ்விடத்தில் வயதுக்கு மாற்றாகப் பக்குவம் என்னும் கருத்தை முன்வைக்கிறது. நல்வினை, தீவினை ஆகிய இரண்டின் பயன்களிலும் விருப்பு வெறுப்பின்றி உயிர் ஒத்த நிலை அடைவது இருவினையொப்பு. அறிவை மறைத்து நிற்கும் ஆணவ மலம் தன் வலிமை குன்றி நீங்கும் நிலைக்கு வருவது மலபரிபாகம். அதன்மேல் இறைவனின் அருள் பதிவது சத்திநிபாதம். அருட்பதிவும் மந்ததரம், மந்தம், தீவிரம், தீவிரதரம் என்று நான்கு படிகளாகும். இவற்றுள் எதையும் பிறந்த ஆண்டைக் கொண்டு கணக்கிட முடியாது. பக்குவத்தின் கணக்கு முற்பிறவிகளிலேயே தொடங்கிவிடுவதாகச் சித்தாந்தம் கருதுவதால், ஒரு குழந்தை முதியவரைவிட மூத்ததாக இருக்கலாம். சீகாழிக் குளக்கரையில் மூன்று வயதில் ஞானப்பால் உண்டு பாடிய சம்பந்தரையும், சமண சமயத்தில் தருமசேனர் என்னும் பெயரோடு பல காலம் வாழ்ந்த பின்னரே சைவத்துக்குத் திரும்பிய நாவுக்கரசரையும் ஒரே தொகையில் அருகருகே வைத்துப் போற்றும் சமயத்துக்கு, வயதுவாரியான பட்டியல் பொருந்தி வருவது கடினம்.

உபநிடதங்களும் இவ்வாறே வயதைப் பொருட்படுத்துவதில்லை. கடோபநிடதத்தில் இறப்புக்குப்பின் என்ன என்று யமனிடம் கேட்கும் நசிகேதன் சிறுவன். அவனுக்கு விடை சொல்லத் தயங்கும் யமன், நீ சிறுவன் என்று தள்ளிவிடாமல், நீண்ட ஆயுள், செல்வம், அரசு, மகளிர் எனப் பலவற்றைக் காட்டி, அவற்றுக்கு ஆசைப்படுகிறானா என்று சோதிக்கிறான். ஆசைப்படாததைக் கண்டபின் சொல்கிறான். சாந்தோக்கியத்தில் வரும் சுவேதகேதுவின் கதை இதற்கு நேர்மாறு. பன்னிரண்டு வயதில் குருகுலம் சென்று இருபத்துநான்கு வயதில் எல்லா வேதங்களும் கற்றுச் செருக்கோடு திரும்பும் அவனிடம், கேளாததும் கேட்டதாகும் உபதேசத்தை ஆசிரியரிடம் கேட்டாயா என்று தந்தை உத்தாலகர் வினவும்போதுதான், பாடத்திட்டம் முழுவதையும் முடித்தும் தான் கற்கவே தொடங்கவில்லை என்பது அவனுக்குத் தெரிகிறது.

தகுதி முன்பா, படிப்பு முன்பா என்ற கேள்விக்கு இரண்டாம் விடையைக் கொடுத்தது திண்ணைப் பள்ளிக்கூடம். அரிச்சுவடி, எண்சுவடி, ஆத்திசூடி, கொன்றைவேந்தன், உலகநீதி, மூதுரை, நல்வழி என்று சென்று, சதகம், அந்தாதி, நிகண்டு வரை பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள். ஈகையைப் பற்றியும் பெண்வழிச் சேறலைப் பற்றியும் ஊழைப் பற்றியும் ஏழு வயதுப் பிள்ளை ஒப்பித்தபோது அதற்குப் பொருள் விளங்கியிருக்கும் என்று எந்த ஆசிரியரும் எண்ணவில்லை. சொல் முதலில் நாவில் தங்கட்டும், வாழ்க்கை வரும்போது பொருளைக் கொண்டுவரட்டும் என்பது அம்முறையின் துணிபு. இன்றைய கல்வியாளர் இதைக் குருட்டு மனப்பாடம் என்று ஒதுக்குவதில் நியாயம் உண்டு. எனினும், நாற்பது வயதில் ஓர் இழப்பு நேர்ந்த பொழுதில் சிறுவயதில் பதிந்த வரி தானே எழுந்து வந்து பொருள் தந்த அனுபவத்தை அக்கல்வி பெற்றவர்களிடம் கேட்காமலிருக்க முடியாது. ரமண மகரிஷியின் ஆசிரமத்தில் சமையற்கட்டில் பணிபுரிந்த ஒரு பெண்மணிக்கு அவர் ரிபு கீதையின் தமிழாக்கத்தைக் கொடுத்தபோது, இது தமக்குப் புரியவில்லையே என்று அவர் தயங்க, புரியாவிட்டாலும் படித்துவருவது நன்மை தரும் என்று ரமணர் சொன்னதாக ஆசிரம நினைவுக் குறிப்புகள் கூறுகின்றன. அதே ரமணர் சிறுவயதில், மதுரையில் மிஷன் பள்ளி மாணவராக இருந்த காலத்தில், வீட்டுக்கு வந்த பெரியபுராணப் பிரதி ஒன்றை எவருடைய பரிந்துரையும் இல்லாமல் எடுத்துப் படித்து நாயன்மார் கதைகளில் உருகினார். பாடப்புத்தகங்களுக்கும் பள்ளியின் விவிலிய வகுப்புக்கும் வெளியே அவர் படித்த முதல் சமய நூல் அது.

அதிகாரம் என்னும் கருத்துக்கு ஓர் இருண்ட பக்கமும் உண்டு. அதைச் சொல்லாமல் அதன் மேன்மையை மட்டும் பேசுவது நேர்மையாகாது. விவேகமும் பற்றின்மையும் அளவுகோலாக இருந்த இடத்தில் பிறப்பு வந்து அமர்ந்தது. பிரம்ம சூத்திரத்தின் அபசூத்ராதிகரணம் எனப்படும் பகுதி, நான்காம் வருணத்தார்க்கு வேதம் ஓதும் உரிமை இல்லை என்று விவாதிக்கிறது. சங்கரர், இராமானுசர் ஆகிய இருவரும் தத்தம் உரைகளில் அதை ஏற்றுக்கொள்கிறார்கள். இராமானுசரைப் பொறுத்தவரை இது வியப்புக்குரிய முரண். திருவரங்கத்திலிருந்து திருக்கோட்டியூருக்குப் பதினெட்டு முறை நடந்து, எவர்க்கும் வெளியிடுவதில்லை என்ற உறுதியின்பேரில் அவ்வூர் ஆசிரியரான நம்பியிடம் திருமந்திரப் பொருளைப் பெற்று, மறுநாளே அதை ஊரார்க்கெல்லாம் வெளியிட்டு, அதனால் தாம் நரகம் புகினும் பலர் உய்வர் என்று விடை சொன்னவர் என்றே குருபரம்பரை நூல்கள் அவரைக் காட்டுகின்றன. வடமொழி உரையில் வாயிலை அடைத்தவரும், மக்கள் நினைவில் அப்பொருளை வெளியிடக் கோபுரத்தில் ஏறி நின்றவரும் ஒருவரே. தகுதி பார்த்துக் கொடுத்தல் என்னும் கொள்கை, தகுதி பார்ப்பவரின் சமூக நிலையிலிருந்து தன்னைப் பிரித்துக்கொள்வது எவ்வளவு அரிது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அச்சு இயந்திரம் வந்தபின் அதிகாரம் பார்க்கும் ஆசிரியரின் கை தளர்ந்தது. சிவஞான முனிவர் 18ஆம் நூற்றாண்டில் சிவஞானபோதத்துக்கு எழுதிய மாபாடியம், திருவாவடுதுறை ஆதீனத்தில் தக்கவர்க்கே காட்டப்படும் ஏடாக நெடுங்காலம் காக்கப்பட்டு, 20ஆம் நூற்றாண்டில்தான் முழுமையாக அச்சேறியது. அச்சேறிய பின்னர், விலை கொடுக்கக்கூடிய எவரும் அதை வாங்கலாம் என்றாயிற்று. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் இம்மாற்றத்தை முன்கூட்டியே உணர்ந்தவராகத் தெரிகிறார். வண்ணார்பண்ணையில் 1848இல் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய அவர், மாணவரின் படிநிலைக்கு ஏற்ப முதற்புத்தகம், இரண்டாம் புத்தகம் என்று பாலபாடங்களை எழுதித் தாமே அச்சிட்டார். சிறுவர்க்குச் சைவ வினாவிடை, செய்யுள் படிக்க இயலாதவர்க்குப் பெரியபுராண வசனம் என்று நூல்களைத் தரம்பிரித்து வெளியிட்டார். கிறித்தவ மிஷன்களின் பள்ளிநூல் முறையை அவர் பின்பற்றினார் என்பது வெளிப்படை. ஆனால் அவர் செய்தது அதனினும் மேலானது: ஆசிரியர் மாணவனின் முகத்தைப் பார்த்துத் தீர்மானித்த கேட்போர் என்னும் கூறு, இப்போது நூலின் அட்டையிலேயே எண்ணாக அச்சிடப்பட்டது. இன்று சிறுவர் நூல்களின் பின்னட்டையில் காணும் வயது வரம்பும் இதனோடு ஒப்பிடத்தக்கதே.

பக்குவம் பார்ப்பது எங்கே தவறிப்போகிறது என்பதைத் திருக்குறளில் காண்பது எளிது. அறத்துப்பாலின் 38, பொருட்பாலின் 70, இன்பத்துப்பாலின் 25 என 133 அதிகாரங்கள் கொண்ட அந்நூலில், கடைசி 25 எப்போதும் ஐயத்துக்கு உரியவையாகவே நடத்தப்பட்டன. வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் இலத்தீனில் பெயர்த்தபோது முதல் இரு பால்களை மட்டுமே எடுத்துக்கொண்டார். ஜி.யு. போப் 1886இல் முழு நூலையும் ஆங்கிலத்தில் வெளியிட்டார். ஆனால் மூன்றாம் பாலின்மீது கொண்டிருந்த தவறான எண்ணத்தால் சில ஆண்டுகள் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்றும், மனத்தூய்மையைப் பேசிய ஒருவர் தூய்மையற்றதை எழுதியிருக்க மாட்டார் என்று தோன்றிய பின்னரே படித்ததாகவும் அவரே எழுதியுள்ளார். 2016இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை குறளைப் பாடமாக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தபோதும் சொல்லப்பட்டவை அறத்துப்பாலும் பொருட்பாலுமே.

இதன் விளைவு விந்தையானது. பொருட்பாலில் வரும் அமைச்சு, தூது, அரண், படைச்செருக்கு ஆகியவை பதினேழு வயது மாணவருக்குத் தேவையென்று கருதப்படுகின்றன. அவர் எந்த அரணையும் காக்கப்போவதில்லை. பிரிவில் உடல் மெலிவதும், பொய்க்கோபம் கொள்வதும், சொல்லாமல் சொல்வதும் பேசப்படும் அதிகாரங்கள், அதே வயதில் அவர் நாள்தோறும் சந்திக்கும் உணர்வுகளைப் பற்றியவை, அவை மறைக்கப்படுகின்றன. காமத்தைப் பற்றி அவர் திரைப்படத்திலும் கைப்பேசியிலும் கற்றுக்கொள்வார் என்பது தெரிந்தும், அதை உலகில் இதற்குமேல் நாணத்தோடும் நுட்பத்தோடும் பேசிவிட முடியாத ஒரு நூலிடமிருந்து அவரைக் காப்பாற்றுகிறார்கள். போப் கண்ட வழியே இதில் சரியானது: முதல் இரு பால்களைப் படித்தவர் மூன்றாவதை எப்படிப் படிக்க வேண்டும் என்பதை அவற்றிலிருந்தே கற்றிருப்பார். நன்னூல் உரைகாரர் யாப்பு என்றது இதைத்தான். கல்லூரியில் சேரும் பிள்ளைக்கு மு. வரதராசனார் தெளிவுரையோடு கூடிய கையடக்கப் பதிப்பு வேண்டும் என்று வருபவருக்கு, மூன்று பாலும் அடங்கிய பதிப்பைக் கொடுப்பதே கடைக்காரரின் கடமை என்று கொள்ளலாம்.

வாசிப்பவரின் சமயத்துக்கு வெளியே உள்ள நூலைப் பரிந்துரைப்பது இன்னொரு சிக்கல். கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகப் பணியேற்றிருந்த உ.வே. சாமிநாதையர், 1880 அக்டோபரில், அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்து, தாம் பாடங்கேட்ட அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் கோவைகளையும் புராணங்களையும் அடுக்கியபோது, முதலியார் அவற்றில் மகிழ்ச்சி காட்டாமல், சீவக சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை படித்ததுண்டா என்று கேட்டார். படித்ததில்லை. சைவ மடத்தில் உருவான ஒரு புலவருக்குச் சிந்தாமணி எட்டாமலிருந்ததற்குச் சமயமும் ஒரு காரணம். திருத்தக்கதேவர் என்னும் சமணத் துறவியின் அக்காப்பியத்தில் சோழ மன்னன் ஈடுபட்டிருந்ததைக் கண்டு வருந்தியே அமைச்சரான சேக்கிழார் நாயன்மார் வரலாற்றை எடுத்துரைத்தார் என்று சேக்கிழார் புராணம் கூறும். முதலியார் தம்மிடமிருந்த பிரதியைக் கொடுத்தார். படிக்கத் தொடங்கிய ஐயர், சமணக் கோட்பாடுகள் தெரியாமல் ஒரு செய்யுளும் முழுதாக விளங்காது என்பதைக் கண்டு, கும்பகோணத்திலேயே வாழ்ந்த சமணக் குடும்பங்களைத் தேடிச் சென்று கேட்டறிந்தார். 1887இல் நூல் அச்சாயிற்று. தகுதி இருந்ததால் அவர் அந்நூலைப் படிக்கவில்லை. அந்நூலைப் படிக்க முயன்றதால் தகுதியைத் தேடி நடந்தார்.

இதனோடு ஒப்பிடத்தக்க இன்னொரு கொடை மும்பையில் நிகழ்ந்தது. 1907இல் மெட்ரிகுலேஷன் தேறிய பதினாறு வயது அம்பேத்கருக்கு, மராத்தி எழுத்தாளரும் ஆசிரியருமான கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கர், தாம் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசளித்தார். இராமாயணமும் பாரதமும் தந்தை சொல்லிப் படித்த வீட்டில், சாத்திரங்கள் அதிகாரமற்றவர் என்று ஒதுக்கிய குடியில் பிறந்த மாணவருக்கு அது வேறொரு வாயிலைக் காட்டிற்று. அம்மாணவர் நாகபுரியில் பௌத்தம் தழுவியது 1956 அக்டோபர் 14 அன்று. இரண்டுக்கும் இடையே 49 ஆண்டுகள். பதினாறு வயதினருக்கு ஏற்ற நூல் எது என்று எவரேனும் பட்டியலிட்டிருந்தால், அதில் இந்நூல் இருந்திருக்காது. கேளுஸ்கரும் பின்னாளில் நிகழவிருப்பதை எண்ணிக் கொடுத்திருக்க முடியாது. எதிரில் நின்ற மாணவரை நோக்கி, கையிலிருந்ததைக் கொடுத்தார்.

குருவுக்கும் கடைக்காரருக்கும் இடையிலான வேறுபாடு இங்கே தெளிவாகிறது. குரு மாணவனோடு ஆண்டுக்கணக்கில் வாழ்ந்து, மறுக்கும் உரிமையையும் வைத்திருந்தார். கடைக்காரர் வாங்குபவரைச் சில நிமிடங்களே காண்கிறார். பல வேளைகளில் படிக்கப்போகிறவரை அவர் காண்பதே இல்லை, அவருடைய அத்தையையோ தாத்தாவையோதான் காண்கிறார். மறுக்கும் உரிமையும் அவருக்கு இல்லை. ஆனால் அதிகாரத்தைப் பிறப்போடு பிணைத்த தீங்கும் அவரிடம் இல்லை, காசு கொடுப்பவர் எவரும் அவருக்குக் கேட்போரே. ஆகவே அவர் செய்யக்கூடியது நன்னூலார் கூறிய எட்டினுள் யாப்பைப் பிடித்துக்கொள்வதுதான். என்ன வயது என்று கேட்பதைவிட, கடைசியாக எதைப் படித்தார், எதைப் பாதியில் விட்டார் என்று கேட்கும் கடைக்காரர், அறிந்தோ அறியாமலோ, அம்மரபில் நிற்கிறார். சீகாழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர். இரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து நூலக விதிகளுள் இரண்டு, ஒவ்வொரு வாசகருக்கும் உரிய நூலையும் ஒவ்வொரு நூலுக்கும் உரிய வாசகரையும் தேடித்தரச் சொல்கின்றன. முதலாவது வாசகரிடமிருந்து தொடங்குகிறது, இரண்டாவது அலமாரியில் ஆண்டுக்கணக்கில் தூங்கும் நூலிடமிருந்து தொடங்குகிறது. நல்ல கடைக்காரருக்குப் பின்னதே கடினமான வேலை.

இக்கண்ணோட்டத்தில் சில பரிந்துரைகளைச் சொல்லலாம். எழுத்துக் கூட்டத் தொடங்கிய பிள்ளைக்கு ஆத்திசூடி போதும். ஒவ்வொரு வரிக்கும் நீதிக்கதை ஒட்டிய பதிப்பு, அவ்வரிக்கு அந்த ஒரு பொருளே உண்டு என்று பழக்கிவிடுவதால், ஒட்டாத பதிப்பே மேல். பாட்டி இறந்த வீட்டிலிருந்து, குழந்தை ஏதேதோ கேட்கிறது என்று வருபவருக்கு, சாமியிடம் போய்விட்டார் என்று முடிக்கும் படக்கதையை விட நசிகேதன் கதையைக் கொடுப்பது நன்று, ஏனெனில் அது கேட்பவனைக் கடிந்துகொள்வதில்லை. பன்னிரண்டு வயதளவில் ராஜாஜியின் வியாசர் விருந்தைத் தரலாம். துரோணர் ஏமாற்றிக் கொல்லப்படும் இடத்தில் தருமரும் பொய்க்கு உடன்படுகிறார் என்பதை அவ்வயதினர் மன்னிப்பதில்லை, மன்னிக்காமலிருப்பதே அந்நூலை ஒழுங்காகப் படித்ததற்கு அடையாளம். காந்தியடிகளின் சத்திய சோதனையைப் பள்ளிப் பரிசாகக் கொடுக்கும் வழக்கம் நல்லெண்ணத்தில் பிறந்தது. ஆயினும் மனைவியிடம் நடந்துகொண்ட முறைக்கு ஒருவர் வெட்கப்படும் நூல், மணமானவர்க்கே முழுதாக உறைக்கும்.

முதியோர் வகையில்தான் கடைகள் மிகவும் தவறுகின்றன. பெரிய எழுத்தில் அச்சிட்ட கவசங்களும் திருவாசகமும் சுந்தரகாண்டமும் அவர்களுக்கென்று ஒதுக்கப்பட்ட தட்டில் அடுக்கப்படுகின்றன. இறப்பு நேர்ந்த வீட்டில் மட்டும் படிக்கத்தக்கது என்று வழக்கம் ஒதுக்கிய கருட புராணம் அடித்தட்டில் இருக்கிறது. எழுபது வயதானவர் இனி நம்பிக்கையை உறுதிசெய்துகொள்வதற்கு மட்டுமே படிப்பார் என்ற எண்ணம் இத்தட்டுக்கு அடிப்படை. உண்மையில் பிளேட்டோ இளைஞருக்கு மறுத்த தருக்கத்தை எவ்வித ஆபத்துமின்றிக் கையாளக்கூடியவர்கள் இவர்களே. வாழ்நாள் முழுவதும் கோயிலுக்குச் சென்றவர் அம்பேத்கரின் புத்தரும் அவர் தம்மமும் நூலைக் கேட்பதும், பகுத்தறிவு இயக்கத்தில் வளர்ந்தவர் மெல்லத் திருமந்திரம் கேட்பதும் இவ்வயதில் அரியன அல்ல. எழுத்துப் பெரிதாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர அவர்கள் வேறு சலுகை கேட்பதில்லை, அச்சலுகையைத்தான் பதிப்பாளர்கள் பக்தி நூல்களுக்கு அப்பால் நீட்டுவதில்லை.

இறுதியில் பெற்றோரின் மறுப்பு எவ்வளவு தூரம் செல்லும் என்ற கேள்வி நிற்கிறது. ஜெரோம் எழுதியது தாய்க்கு. குழந்தையின் நூல் வரிசையைத் தீர்மானிக்கும் உரிமை தாய்க்கு இருப்பதாக அவர் எடுத்துக்கொண்டார். வேறு துணையின்றிப் படிக்க இயலாத சிறுபிள்ளை வரையில் இவ்வுரிமையை மறுக்கக் காரணமில்லை, படித்ததைப்பற்றி எழும் கேள்விக்கு விடைசொல்ல வேண்டியவர்கள் அவர்களே. சேமிப்புக் காசை எண்ணிக்கொண்டு தனியாகக் கடைக்கு வரும் பதினாறு வயதினர் வேறு நிலையில் உள்ளவர். அவர் பிற சமயத்தின் மறைநூலையோ, கடவுளை மறுக்கும் நூலையோ, குறளின் மூன்றாம் பாலையோ கேட்டால், வீட்டில் தெரியுமா என்று வினவாமல் கொடுத்து, விலை மிகுதியாயிருப்பின் மலிவுப் பதிப்பு உண்டா என்று பார்ப்பதோடு கடைக்காரரின் அதிகாரம் முடிகிறது.